டாம்பான்: எத்தனை மணி நேரம், எவ்வளவு ஆழம், அம்மாவுக்கு என்ன பதில்?

கேள்வி: டாக்டர் மேடம், எனக்கு 21 வயது. உடற்கல்வி படிக்கிறேன். இந்த செமஸ்டரில் நீச்சல் பிராக்டிகல் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் தண்ணீரில் இறங்க வேண்டும். பீரியட்ஸ் என்று சொல்லி எத்தனை வகுப்புக்குத்தான் லீவு எடுப்பது? சீனியர் அக்கா ஒருவர் டாம்பான் பெட்டி ஒன்று கொடுத்தார். பீரியட்ஸ் ரத்தத்தை உறிஞ்சுவதற்காகப் பிறப்புறுப்புக்குள் வைக்கிற பஞ்சு. குழாய் எதுவும் இல்லாமல் விரலாலேயே வைக்கிற வகை. முதல் தடவை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. எரிச்சல் தாங்கவில்லை, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த மாதம் நான்காம் நாள் மறுபடி முயன்றேன். உள்ளே போனது, ஆனால் உட்கார்ந்தால் குத்துகிற மாதிரியே இருந்தது. எடுக்கப் பயந்துகொண்டு, காலை ஏழு மணிக்கு வைத்ததை இரவு ஒன்பதரைக்குத்தான் எடுத்தேன். காய்ந்துபோய், இழுக்கும்போது உரசி வலித்தது. பையில் பெட்டியைப் பார்த்துவிட்ட அம்மா, “கல்யாணமாகாத பொண்ணு செய்யற வேலையா இது? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?” என்று அழுதுவிட்டார். டாம்பானில் ஈயம் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வேறு வருகிறது. அது உள்ளேயே போய் கர்ப்பப்பையில் மாட்டிக்கொள்ளுமா? தோழிகளோ, “இதுக்குப் பேசாம பீரியட்ஸைத் தள்ளிப்போடற மாத்திரை போட்டுக்கோ” என்கிறார்கள். எதைத்தான் கேட்பது? பெயர் போட வேண்டாம், ப்ளீஸ்.

பதில்: உங்கள் கடிதத்தில் அம்மா அழுதது இருக்கிறது, ஈயம் இருக்கிறது, கர்ப்பப்பை இருக்கிறது. எனக்குத் திக்கென்றது இவை எதிலும் இல்லை. “காலை ஏழு மணிக்கு வைத்ததை இரவு ஒன்பதரைக்கு” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான். பதினான்கரை மணி நேரம்! உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் டாம்பான் விஷயத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது என்று ஒன்று இருந்தால், அது இந்த நேரக் கணக்கு மட்டும்தான். அதனால் மற்ற கேள்விகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

1978-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜேம்ஸ் டாட் என்ற குழந்தை மருத்துவர், திடீர்க் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று வந்த ஏழு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம் என்று அதற்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அப்போது டாம்பான் பேச்சே இல்லை. அந்த ஏழு பேரில் பையன்களும் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே நோய் மாதவிடாய்க் காலத்தில் இளம்பெண்களைக் கொத்துக் கொத்தாகத் தாக்கத் தொடங்கியது. 1980-ல் மட்டும் அமெரிக்காவில் மாதவிடாயை ஒட்டி 800-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. 38 பேர் இறந்தார்கள். அன்று சந்தையில் ‘ரிலை’ என்று ஒரு டாம்பான் இருந்தது. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒன்றை வைத்தால் நாளெல்லாம் தாங்கும் என்கிற அளவுக்கு உறிஞ்சும் செயற்கைப் பொருள்கள் அதில் இருந்தன. நோய் வந்தவர்களில் நிறையப் பேர் அதைப் பயன்படுத்தியிருந்தது தெரிந்ததும், 1980 செப்டம்பரில் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் மற்ற டாம்பான்களிலும் அதிகம் உறிஞ்சுகிறவற்றில் இந்த ஆபத்து அதிகம் என்பது பிறகு தெளிவானது.

என்ன நடக்கிறது என்றால், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும், சிலருக்குப் பிறப்புறுப்பிலும் சாதாரணமாகவே குடியிருக்கிறது. அதில் சில வகைகள் மட்டும் ஒரு நச்சைச் சுரக்கும். பிறப்புறுப்புக்குள் இயல்பில் ஆக்ஸிஜன் குறைவு, அமிலம் அதிகம். அந்தச் சூழலில் அந்தக் கிருமியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. மாதவிடாய் ரத்தம் அமிலத்தைக் குறைக்கிறது. டாம்பானின் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று ஆக்ஸிஜனைக் கொண்டுவருகிறது. பல மணி நேரம் அது அப்படியே கிடந்தால் கிருமி பெருகி நச்சைச் சுரக்கத் தோதாகிவிடுகிறது. வயது ஏற ஏறப் பெரும்பாலான பெண்களின் உடம்பில் இந்த நச்சுக்கு எதிர்ப்பு சக்தி உருவாகிவிடும். அது இன்னும் உருவாகாத பதின்வயதுப் பெண்களுக்கும், இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கும்தான் ஆபத்து கூடுதல். அதாவது, உங்கள் வயதில்.

இன்று இது மிக அரிது. டாம்பான்கள் மாறிவிட்டன. உறிஞ்சும் அளவை எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி குறிக்க வேண்டும் என்று 1989-ல் அமெரிக்காவில் விதியும் வந்துவிட்டது. லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வருகிற நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முற்றும். எனவே இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 4 முதல் 8 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும்; 8 மணி நேரம் என்பது எல்லை, இலக்கு இல்லை. உங்கள் ரத்தப்போக்குக்குப் போதுமான, ஆகக் குறைந்த உறிஞ்சுதிறன் உள்ளதை வாங்க வேண்டும். ராத்திரி தூங்கும்போது நாப்கினுக்கு மாறிவிட வேண்டும். டாம்பான் வைத்திருக்கும்போதோ, எடுத்த ஓரிரு நாளிலோ திடீரென்று 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் வெந்த மாதிரி உடம்பு சிவத்தல், எழுந்தால் மயக்கம் என்று வந்தால் டாம்பானை உடனே எடுத்துவிட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் “டாம்பான் பயன்படுத்தினேன்” என்பதை முதலில் சொல்லுங்கள். நம் ஊரில் டாம்பான் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. நீங்களாகச் சொல்லாவிட்டால், டெங்குவா ஃபுட் பாய்சனா என்று தேடுவதிலேயே பொன்னான நேரம் போய்விடும். ஒருமுறை இந்த நோய் வந்தவர்கள் மறுபடி டாம்பான் பக்கமே போகக் கூடாது.

இனி உங்கள் வலிக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது.

பிறப்புறுப்புப் பாதை 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. அதன் இரண்டு சுவர்களும் வெறும் துணிப்பையின் இரண்டு பக்கங்களைப் போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும். உள்ளே ஏதாவது போகும்போதுதான் விரியும். வாசலை ஒட்டிய முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் இறுக்கிப் பிடிக்கும் தசைகளும், தொடுகையை உணரும் நரம்புகளும் அதிகம். அதைத் தாண்டிவிட்டால் உணர்ச்சி மிகக் குறைவு. உட்காரும்போது குத்தியது என்றால் உங்கள் டாம்பான் அந்த முதல் பங்கிலேயே நின்றிருக்கிறது. சரியான இடத்தில் இருக்கும் டாம்பான் உள்ளே இருப்பதே தெரியாது. அது குத்தும்போது பல பெண்கள் “ரொம்ப உள்ளே போய்விட்டது போல” என்று நினைத்துக் கொஞ்சம் வெளியே இழுப்பார்கள். வலி கூடும். வேண்டியது அதற்கு நேர் எதிரானது: இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும்.

இரண்டாவது, திசை. படம் வரைந்து பாடம் நடத்தினால் அந்தப் பாதை நேர் மேலே போகிற மாதிரி தோன்றும். உடம்பில் அப்படி இல்லை. இடுப்பின் பின்பக்கத்தை நோக்கிச் சாய்ந்து போகிறது. நின்றுகொண்டு நேர் மேலே தள்ளினால் டாம்பான் முன்சுவரில் முட்டும். அதற்கு முன்னால்தான் சிறுநீர்ப் பாதை இருக்கிறது. எரிச்சல் அங்கிருந்து வந்திருக்கலாம். தொப்புளை மறந்துவிட்டு, முதுகின் அடிப்பகுதியை, பாவாடை நாடா கட்டுகிற இடத்துக்குப் பின்பக்கத்தை, மனதில் வைத்துக்கொண்டு தள்ளுங்கள்.

மூன்றாவது, நாள். நான்காம் நாளில் பலருக்குப் போக்கு குறைந்துவிடும். உலர்ந்த பஞ்சை உலர்ந்த பாதையில் தள்ளினால் உரசத்தான் செய்யும். பழகுவதற்கு நன்றாகப் போகிற முதல் இரண்டு நாள்தான் தோது. பீரியட்ஸ் இல்லாத நாளில் ‘சும்மா பழகிப் பார்க்கிறேன்’ என்று வைக்கவே வேண்டாம்.

நான்காவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஊகிக்கிறேன். ஹாஸ்டல் குளியலறை, வெளியே நாலு பேர் வாளியோடு வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தி கதவைத் தட்டுகிறாள். அந்தப் பதற்றத்தில் அடிவயிற்றுத் தசை மொத்தமும் இறுகிவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளியிருப்பீர்கள். அந்த நேரத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்குவதால்தான் தலை சுற்றியது. ஊசி போடும்போது சிலர் மயங்கி விழுவதும் இதே காரணத்தால்தான். அப்படி ஆனால் படுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். வெறும் வயிற்றோடு முயற்சி செய்ய வேண்டாம்.

அடுத்த மாதம், வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில், இப்படிச் செய்து பாருங்கள். பெட்டியில் உறிஞ்சும் அளவைக் காட்டும் நீர்த்துளிப் படங்கள் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு துளி போட்டதை எடுங்கள். சீனியர் கொடுத்த பெட்டியில் நாலு துளி இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். ஈரக் கை பட்டால் பஞ்சு ஊறிவிடும். நகம் குட்டையாக இருக்கட்டும். உறையைப் பிரித்ததும் நூலை இழுத்துப் பாருங்கள், உறுதியாக இருக்கிறதா என்று. விரலால் வைக்கும் வகையில், நூல் இருக்கும் அடிப்பக்கத்தை லேசாக விரித்தால் விரல் நுனி உட்காரக் குழி மாதிரி இடம் கிடைக்கும். ஆள்காட்டி விரலை அங்கே வையுங்கள்.

உட்காரும் விதம்தான் பாதி வேலை. வெளிநாட்டுப் பெட்டிகளுக்குள் இருக்கும் குறிப்புத்தாளில் ஒரு காலை டாய்லெட் மேல் தூக்கி வைத்து நிற்கும் படம் போட்டிருப்பார்கள். நமக்கு அது தேவையே இல்லை. நம் ஊர்க் கழிப்பறையில் குந்தி உட்காருகிறோமே, அந்த நிலையில் இடுப்புத் தசைகள் தானாகவே தளர்ந்து, பாதையும் திறந்திருக்கும். குந்த முடியாத இடத்தில், காலை அகட்டி நாற்காலி விளிம்பில் உட்காரலாம். மற்றொரு கையால் பிறப்புறுப்பின் உதடுகளை விலக்கிக்கொண்டு, மூச்சை வாய் வழியாக மெதுவாக விடும்போதே டாம்பானைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது நிறுத்துங்கள், விடும்போது தள்ளுங்கள். விரலின் நடு மூட்டைத் தாண்டும் வரை விரலும் கூடவே போக வேண்டும். இங்கேதான் பலர் கூசிப்போய் விரலை வெளியே எடுத்துவிடுகிறார்கள், டாம்பான் பாதியில் நின்றுவிடுகிறது. நூல் வெளியே தொங்கட்டும். எழுந்து நடந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். உறுத்தினால் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். அப்படியும் சரிவரவில்லை என்றால் எடுத்துப் போட்டுவிட்டு இன்னொரு நாள் புதிதாக ஒன்றை வைத்து முயலுங்கள். எடுத்ததையே மறுபடி வைக்கக் கூடாது.

உலர்வாக இருப்பதுதான் சிக்கல் என்று தோன்றினால், மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்த்தன்மையுள்ள ஜெல்லி, கே-ஒய் ஜெல்லி போல, நுனியில் ஒரு துளி தடவிக்கொள்ளலாம். வாஸ்லின் வேண்டாம். விரலால் வைப்பது கடைசி வரை கூச்சமாகவே இருந்தால் அப்ளிகேட்டர் உள்ள வகையை வாங்குங்கள். இரண்டு அட்டைக் குழாய்களோ பிளாஸ்டிக் குழாய்களோ ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். வெளிக்குழாயை உள்ளே செலுத்தி, உள்குழாயைத் தள்ளினால் டாம்பான் தானாகப் போய் உட்காரும். பிறகு இரண்டு குழாய்களையும் வெளியே எடுத்துவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், வெளிக்குழாயை உள்ளேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நம் ஊர்க் கடைகளில் இந்த வகை எளிதில் கிடைக்காது, ஆன்லைனில்தான் தேட வேண்டும். 2018 ஜூலையில் நாப்கினோடு சேர்த்து டாம்பானுக்கும் ஜிஎஸ்டியை நீக்கிவிட்டார்கள். இருந்தும் விலை நாப்கினை விட அதிகம்தான். அந்த விலைக்காகவே ஒன்றை நாள் முழுக்க வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்தச் சிக்கனம் மட்டும் வேண்டாம்.

எடுப்பதைப் பற்றி நீங்கள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை. நிறைய ரத்தத்தை உறிஞ்சிய டாம்பான் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உலர்ந்தது உரசும். அது உரசினால் “உனக்கு இவ்வளவு பெரியது தேவையில்லை” என்று உடம்பு சொல்கிறது என்று அர்த்தம். குந்தி உட்கார்ந்து, மூச்சை விட்டு, நூலைக் கீழேயும் கொஞ்சம் முன்னேயும் ஒரே சீராக இழுங்கள். தசை இறுகிக்கொண்டால் ஒருமுறை இருமிப் பாருங்கள், தளர்ந்துவிடும். நாலு மணி நேரத்தில் இழுத்துப் பார்த்து வர மறுத்தால், எட்டு மணி நேர எல்லைக்குள் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். அடுத்து வைப்பது அதைவிடக் குறைந்த துளியாக இருக்கட்டும். எடுத்ததைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். சிறுநீர் கழிக்க அதை எடுக்க வேண்டியதில்லை, அது வேறு வழி. நூலைக் கொஞ்சம் ஓரமாகப் பிடித்துக்கொண்டால் போதும்.

கர்ப்பப்பைக்குள் போய் மாட்டிக்கொள்ளுமா என்றால், போகாது. அந்தப் பாதையின் முடிவில் கருப்பை வாய் இருக்கிறது. குழந்தை பெறாத பெண்ணுக்கு அதன் துளை சில மில்லிமீட்டர்தான். ரத்தம் கசிந்து வரும். டாம்பான் உள்ளே போக வழியே கிடையாது. நூல் உள்ளே சுருண்டுகொள்வது உண்டு. குந்தி உட்கார்ந்து, மலம் கழிக்க முக்குவது போல லேசாக முக்கினால் டாம்பான் கீழே இறங்கும். சுத்தமான விரலை விட்டு எடுத்துவிடலாம். ட்வீசர், கரண்டிக் காம்பு என்று எதையும் உள்ளே விடாதீர்கள். விரலுக்கு எட்டவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், ஒரு நிமிட வேலை. எங்களைப் போன்றவர்கள் பார்ப்பதில் அதிகம் இன்னொன்று: ஒன்று உள்ளே இருப்பதை மறந்துவிட்டு இன்னொன்றை வைத்துவிடுவது, அல்லது கடைசி நாள் வைத்ததை எடுக்க மறந்துவிடுவது. சில நாளில் தாங்க முடியாத நாற்றத்தோடு பழுப்பாகக் கசிய ஆரம்பிக்கும். வெட்கத்தில் வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்து, உள்ளே கட்டி ஏதோ இருக்கிறது என்று பயந்துகொண்டு வருவார்கள். நீங்கள் அப்படிக் காத்திருக்க வேண்டாம். வைக்கும்போது போனில் அலாரம் வைத்துவிடுங்கள், பீரியட்ஸ் முடிந்த அன்று ஒருமுறை விரலால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா விஷயம். கோபப்படாமல் கேளுங்கள், அவர் பயந்தது உங்களுக்காகத்தான். கன்னித்திரை என்று நாம் சொல்வது கதவைச் சாத்தி வைத்த மாதிரி மூடிய சவ்வு இல்லை. அப்படி மூடியிருந்தால் மாதாமாதம் ரத்தம் எப்படி வெளியே வரும்? அது வாசலைச் சுற்றி இருக்கும் ஒரு மெல்லிய மடிப்பு. பெண்ணுக்குப் பெண் வடிவமும் தடிமனும் மாறும்; பருவம் அடைந்த பிறகு அது நன்றாக நெகிழும். டாம்பான் வைத்தால் அது கொஞ்சம் விரியும்; சில நேரம், அதுவும் எப்போதாவது, ஓரத்தில் சிறிதாகக் கிழியவும் கூடும். நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று உலகத்தில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனை என்று எதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை, அதை நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் 2018-ல் சொன்னன. பாலியல் வன்முறை வழக்குகளில் செய்யப்பட்டுவந்த இரண்டு விரல் பரிசோதனையை நம் உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் கண்டித்து, இனி அதைச் செய்கிறவர்கள் தவறான நடத்தைக்குக் குற்றவாளிகள் என்றது. நீதிமன்றத்திலேயே செல்லாத ஒன்றுக்கு மாப்பிள்ளை வீட்டாரிடம் பதில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

இதையெல்லாம் அம்மாவிடம் பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். அவர் தலைமுறை துணியிலிருந்து நாப்கினுக்கு வந்ததே பெரிய பயணம். அரசுப் பள்ளியில் புதுயுகம் திட்டத்தில் கொடுப்பதும் நாப்கின்தான். டாம்பானை அவர் எங்கே பார்த்திருப்பார்? பெட்டியில் இருக்கும் படத்தைக் காட்டி, “இது உடம்புக்குள்ள வைக்கிற பஞ்சு, தண்ணியில இறங்கும்போது மட்டும் வைச்சுக்குவேன், நாலு மணி நேரத்துல எடுத்துடுவேன், டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன்” என்று சொல்லுங்கள். நாப்கினோடு குளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பது அவருக்கே தெரியும்.

ஈயம் பற்றிய செய்தி கட்டுக்கதை இல்லை. ஆனால் பாதிதான் உங்களுக்கு வந்திருக்கிறது. 2024-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 14 பிராண்டுகளைச் சேர்ந்த 30 டாம்பான்களில் 16 உலோகங்களைத் தேடினார்கள். ஈயம், ஆர்சனிக் உட்படப் பலவும் கிடைத்தன. பருத்திச் செடி மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் இழுத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பஞ்சில் இருக்கும் அந்த உலோகம் அங்கிருந்து கரைந்து பெண்ணின் ரத்தத்தில் சேர்கிறதா என்பதை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. இந்த ஒரு செய்திக்காக டாம்பானை விட்டுவிடச் சொல்லி நான் யாருக்கும் எழுதித் தரமாட்டேன். தேவையான மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். அது வேறு காரணத்துக்காக ஏற்கெனவே சொன்னதுதான். ரத்தப்போக்கைக் கூட்டுவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் கலக்கிறார்கள் என்று ஒரு செய்தியும் பல வருடமாகச் சுற்றுகிறது. அது முழுப் பொய், அழித்துவிடுங்கள்.

நீச்சலுக்கு வருவோம். தண்ணீரில் இறங்குவதற்குச் சற்று முன் புதிதாக ஒன்றை வையுங்கள். நூலை உடைக்குள் ஒதுக்கிவிடுங்கள். தண்ணீரின் அழுத்தத்தில் போக்கு வெளியே வருவது குறைந்தாலும் நிற்காது; கரையேறும்போது கசியும். அதனால் ‘தண்ணிக்குள்ள வராது’ என்ற பேச்சை நம்பி எதுவும் இல்லாமல் இறங்க வேண்டாம். பஞ்சு கொஞ்சம் குளத்துத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். அதனால் வகுப்பு முடிந்ததும், நேரம் எவ்வளவு ஆகியிருந்தாலும், எடுத்துவிட்டு நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் மட்டும் டாம்பான் என்றால், நான் மேலே பயமுறுத்திய எதுவும் உங்களுக்குக் கிட்டவே வராது. வருடம் முழுக்க நீச்சல்தான் என்று ஆனால் ரத்தத்தைச் சேகரிக்க உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணமான மென்ஸ்ட்ருவல் கப்பையும் யோசிக்கலாம். கேரளத்தில் கும்பளங்கி என்ற கிராமமே நாப்கினை விட்டு அதற்கு மாறியதாக 2022-ல் அறிவித்தது. ஆனால் டாம்பானைப் பழகிய பிறகு கப்புக்குப் போவது சுலபம். நேராகக் கப்பில் தொடங்கினால் திணறுவீர்கள்.

சரியான நாளில், சரியான திசையில், நிதானமாக இரண்டு மூன்று மாதம் முயன்றும் நுழையவே இல்லை, விரல் நுனி பட்டாலே எரிகிறது என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் நினைக்காமலேயே தசை இறுகிக்கொள்ளும் வஜைனிஸ்மஸ் என்ற பிரச்சினையாக இருக்கலாம், பயிற்சியால் சரியாகும். சுலபமாக உள்ளே போய், ஊறிப் பெருத்த பிறகு வெளியே வரும்போது குறுக்கே ஏதோ தடுப்பது போல இருந்தால் கன்னித்திரையின் நடுவில் ஒரு திசுப்பட்டை இருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் நீக்கிவிடுவோம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி: பிரசவம் ஆனவர்கள் ஆறு வாரத்துக்கும், கருச்சிதைவு ஆனவர்கள் அந்த ரத்தப்போக்கு நிற்கும் வரைக்கும் நாப்கின் மட்டும். காப்பர்-டி போட்டவர்கள் டாம்பான் வைக்கலாம், இழுக்கும்போது காப்பர்-டியின் நூலைச் சேர்த்துப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப்படுதலுக்கு டாம்பான் வைக்கவே கூடாது.

கடைசியாகத் தோழிகள் சொன்ன மாத்திரை. நம் ஊரில் திருவிழா, கிரகப்பிரவேசம், சபரிமலைக்கு வீட்டில் மாலை போட்டிருக்கிறார்கள் என்று இதை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது சர்வசாதாரணமாகிவிட்டது. அது நார்எதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். வழக்கமாக, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, நாளுக்கு மூன்று வேளை போடுவது. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வந்துவிடும். வாராவாரம் நடக்கும் வகுப்புக்காக மாதாமாதம் இதைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். இறுதிப் பிராக்டிகல் தேர்வு ஒரு நாள் மட்டும் என்றால் யோசிக்கலாம். ஆனால் உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ காலில், நுரையீரலில் ரத்தக் கட்டு வந்திருந்தால், கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறது என்றால், கல்லீரல் கோளாறு இருந்தால் இந்த மாத்திரை ஆபத்து. அதை மருந்துக் கடைக்காரர் கேட்கமாட்டார். தேர்வுத் தேதி தெரிந்தவுடன், கடைசி மூன்று மாதப் பீரியட்ஸ் தேதிகளை எழுதிக்கொண்டு, குறைந்தது இரண்டு வாரம் முன்னால் ஒரு மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். அதற்குள் டாம்பான் கைவந்துவிட்டால் அந்த மருந்துச் சீட்டே தேவைப்படாது.